நாரத்தங்காய் வழிச் சம்பந்தம்

ஐசலின், நியூ ஜெர்சி
ஆவணி முதல் சனிக்கிழமை

என் மரியாதைக்கு எப்போதும் உரியவரும், சென்ற மாதத்திலிருந்து என் பயத்துக்கும் உரியவருமான மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பவளத்தின் வீட்டுக்காரன் சேனாபதி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். சுகம் என்றால், பவளத்துக்கு முழங்கால் வலி, எனக்குப் புல் அலர்ஜி, ரோஷினிக்கு எங்கள் இருவர் மேலும் கோபம். இவை நீங்கலாகச் சுகம். டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் நீங்களும் அக்காவும் சௌக்கியம்தான் என்று தெரிகிறது. விடிந்ததும் நம் சொந்தக்காரர்கள் குழுவில் நீங்கள் போடுகிற அனுமார் படம் தவறாமல் வந்து சேர்கிறது. எனக்கு என்று தனியாக எதுவும் வருவதில்லை. நான் போன் செய்தால் அடித்து ஓய்கிறது. குரல் செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கடைக்குப் போய்த் தபால்தலை வாங்கி, பேனாவைத் தேடி எடுத்து, காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை பிளாக் பண்ண முடியாது என்பதுதான் என் தைரியம்.

விஷயம் இரண்டு. ஒன்று, ரோஷினியின் நிச்சயத்துக்கு நீங்கள் வரமாட்டேன் என்று சொன்னது. இன்னொன்று, போன ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் சமையல்கட்டில் நடந்துபோன ஒரு தப்பு. அதை வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினால் உங்களுக்கு பிரஷர் ஏறும், அக்கா என்னைத்தான் திட்டுவார்.

ரோஷினி விரும்பிய பையன் எக்டர் இங்கே பக்கத்து ஊரான பெர்த் ஆம்பாய்க்காரன், குடும்பத்துக்குப் பூர்வீகம் போர்ட்டோ ரிக்கோ என்பது உங்களுக்குத் தெரியும். பவளம் முதலில் பட்டினி கிடந்து பார்த்ததும் தெரியும். அந்தப் பட்டினிக்கு நடுவில் அவன் வந்து எங்கள் டிஷ்வாஷரைக் கழற்றிச் சரி பண்ணிக் கொடுத்ததும், அன்றைக்கே பவளம் எழுந்து அவனுக்குத் தோசை வார்த்ததும் உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. செப்டம்பரில் வருகிற லேபர் டே வாரக்கடைசியில் நிச்சயம் என்று முடிவாயிற்று. ரோஷினி சொந்தபந்தம் எல்லோருக்கும் ஒரே அமுக்கில் அழைப்பு லிங்க் அனுப்பினாள். எல்லோரும் ‘வருகிறோம்’ என்று அமுக்கினார்கள். உங்கள் பேருக்கு நேரே மட்டும் ‘இன்னும் திறக்கவில்லை’ என்றே காட்டியது. டெக்சாஸில் நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது என்று நானே மறுபடியும் அனுப்பினேன். ரிமைண்டரும் போட்டேன். அந்த ரிமைண்டர் வந்த கையோடு நீங்கள் போன் பண்ணினீர்கள்.

“நான் வரலைங்க மாப்பிள்ளை. அவங்க யாரோ, நாம யாரோ.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். லைன் கட்.

நம் பக்கத்தில் நிச்சயம் என்றால் என்ன, உப்புச் சக்கரை மாற்றுவதுதானே. பெண் வீட்டு உப்பும் மாப்பிள்ளை வீட்டுச் சர்க்கரையும் கைமாறுகிற நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் பக்கத்தில் நிற்காவிட்டால் அது நிச்சயமா, மளிகைக் கடையா? பவளம் அன்றைக்கு அழுத அழுகையை நான் எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. “எங்கண்ணன் இல்லாம எம்பொண்ணுக்கு உப்புச் சக்கரை மாத்தறதுன்னா அந்த நிச்சயமே வேண்டாங்க” என்றுவிட்டாள். ரோஷினி, “தென் வாட் ஆம் ஐ சப்போஸ்ட் டு டூ, அப்பா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் அழுகை, நடுவில் நான். ரிட்டயர் ஆன மனிதனுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா. அவர்கள் யார், நாம் யார் என்று ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டால் மச்சான் வந்துதானே ஆகவேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

தேடினேன், கிடைத்தது. ஸ்பானிஷில் ஆரஞ்சுக்கு ‘நரான்ஹா’ என்று பேர். அது ஸ்பெயின்காரனுக்கு அரபிக்காரன் கொடுத்த ‘நாரஞ்ச்’. அரபிக்காரனுக்குப் பாரசீகக்காரன் கொடுத்தது ‘நாரங்க்’. பாரசீகக்காரனுக்குச் சமஸ்கிருதத்திலிருந்து போனது ‘நாரங்க’. சரி, அதற்கு முன்னால்? அகராதிக்காரர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘தென்னிந்திய மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கலாம்’ என்கிறார்கள். வந்திருக்கலாமாவது. நம் நாரத்தை, மச்சான். நீங்களும் நானும் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட அதே நாரத்தை. அது கப்பலேறி, பாரசீகம், அரேபியா, ஸ்பெயின் எல்லாம் சுற்றி, பெருங்கடலைத் தாண்டிப் போர்ட்டோ ரிக்கோவில் இறங்கி, அங்கிருந்து பெர்த் ஆம்பாய்க்குக் குடிபெயர்ந்து, இப்போது நம் பெண்ணைக் கேட்டு நம் வாசலில் நிற்கிறது. ஆங்கிலேயன் கைக்கு வந்தபோது மட்டும் முதலெழுத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு ஆரஞ்சாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்க உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்ததால், நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய், தினமும் என்னோடு நடக்கிற நண்பர்கள் இருவரிடம் காபியோடு சேர்த்து இதையும் ஊற்றினேன். தெலுங்குக்காரர் உடனே, “எங்களுக்கு ஆரஞ்சே நாரிஞ்சதானே சார், அப்ப அந்த வார்த்தை எங்களுது” என்றார். மலையாளி வாதமே பண்ணவில்லை. ‘நாரங்ங’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சினார். அந்தத் தன்னம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விட்டால் மூன்று மாநிலத்தாரும் தாய்மாமன் சீரோடு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து, ‘எல்லாம் நம்ம பக்கத்து வார்த்தைதான்’ என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சை முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எக்டர் வீட்டில் விருந்து. அவனுடைய அம்மா யோலாண்டா, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வீட்டிலும் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகுதான் சோறு பரிமாறுவார் என்று தோன்றும், அப்படி ஒரு கண்டிப்பு. எங்களுக்காகக் கறி போடாமல், அரிசியும் பச்சைத் துவரையும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் பொங்கிவைத்திருந்தார். பவளம் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை இடித்தாள். “ஏனுங்க, இது நம்ம அரிசிம்பருப்புச் சோறுங்க. அப்படியே இருக்குது பாருங்க.” நான் “இரு, இரு, அதுவா முக்கியம்” என்று அவளை அடக்கினேன், ஏனென்றால் நான் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். பழக்கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உயர்த்திப் பிடித்து, உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

யோலாண்டா, “சீனா” என்றார்.

எந்த ஊர்ப் பழம் என்று சொல்கிறார் என நினைத்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஃப்ளோரிடா என்று போட்டிருந்தது. அதைச் சொல்லி, ஊர் இல்லை, பேர் வேண்டும் என்றேன். மறுபடியும் “சீனா” என்றார், பின்சீட்டில் சேட்டை பண்ணுகிற பையனிடம் சொல்வதுபோல. எக்டர் மெதுவாக, “ஆமா அங்கிள், எங்க வீட்ல ஆரஞ்சுக்குச் சீனாதான், ஆரஞ்சு ஜூஸ்கூட சீனா ஜூஸ்தான்” என்று ஆங்கிலத்தில் விளக்கினான். நரான்ஹா என்று சொல்லமாட்டீர்களா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். இதை அப்படிச் சொல்வதில்லை என்று தலையை ஆட்டினார்கள். ரோஷினி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். “அப்பா, சிட்.” உட்கார்ந்தேன். ஆரஞ்சு மட்டும் கையில் இருந்தது, அதை என்ன பண்ணுவது என்று தெரியாமல் உரித்துத் தின்றேன்.

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள் மச்சான். எங்கள் தெருவில் புல் வெட்ட வருகிற மெக்சிகோக்காரரிடம் கேட்டேன், நரான்ஹா என்றார். ஸ்பெயினிலும் நரான்ஹா. எனக்கு முடி வெட்டுகிற டொமினிக்கன்காரரிடம் கேட்டேன், அவர் கத்திரியை நிறுத்திவிட்டுச் சீனா என்றார். அந்த இனிப்புப் பழம் ஆதியில் சீனத்திலிருந்து வந்ததால் அந்தத் தீவுகளில் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டதாம். இத்தனை பெரிய ஸ்பானிஷ் உலகத்தில், நரான்ஹா என்று சொல்லாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்தா நம் பெண் காதலிக்க வேண்டும்? பவளம்தான் என்னைத் தேற்றினாள். “நாம சக்கரைய அஸ்கான்னு சொல்றதில்லீங்களா? அஸ்காங்கறது ஒடிசாவுல ஒரு ஊருன்னு நீங்கதான சொன்னீங்க. அது மாதிரிதானுங்க இதுவும்.” நியாயம்தான். மதுரைப் பக்கத்தில் சர்க்கரையைச் சீனி என்பதும் அப்படித்தானே. ஆனால் இதனால் அவர்களும் நம்மைப்போல் பேர் வைக்கிறார்கள் என்றுதான் நிரூபணமாகிறது, நமக்கு உறவு என்று ஆகவில்லை. உங்களை அழைத்துவர அது போதாது.

இந்தத் துக்கத்தில் பெர்த் ஆம்பாயில் காரை எங்கேயோ நிறுத்திவிட்டு எங்கேயோ நடந்துகொண்டிருந்தபோது ஒரு காய்கறிக் கடை கண்ணில் பட்டது. உள்ளே மரவள்ளிக் கிழங்குக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய, சொரசொரவென்று, பச்சையும் மஞ்சளுமாக ஒரு பழம். பேர்ச் சீட்டு இல்லை. நகத்தால் கீறி முகர்ந்தேன். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாரத்தங்காய். கடைப்பெண் ஓடிவந்து, “சார், நோ ஈட், சவர், சவர்” என்று கையை ஆட்டித் தடுத்தாள். நான் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

சுருள் சுருளாக வெட்டி, உப்பை அடைத்து, வீட்டுக்குப் பின்னால் மரத் திண்ணைபோல் இருக்கிற டெக்கின் கைப்பிடியில் வரிசையாகக் காயவைத்தேன். அணில்கள் வந்தன. நம் ஊர் அணில் அல்ல, இங்கே அணில் ஒவ்வொன்றும் பூனைக் கணக்கு. பாதிச் சுருள்களை இழுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டு, உப்புக் கரிப்பு தாங்காமல் பக்கத்து வீட்டு நாயின் தண்ணீர்ச் சட்டியில் விழுந்து குடித்தன. நாய் குரைத்தது. நாய்க்காரி குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினாள். வெளியிடத்தில் இறைச்சியை உலர்த்தக் கூடாது என்று சங்கம் எனக்கு எழுதியது. இது இறைச்சி அல்ல, என் மகளின் நிச்சயம் சம்பந்தப்பட்ட ஆதாரம் என்று நான் பதில் எழுதினேன். அதற்கு அவர்கள், ஆதாரம் எதுவானாலும் வீட்டுக்குள் வைக்கவும் என்றார்கள். வீட்டுக்குள் ஏது வெயில்? அப்போதுதான் டிரைவ்வேயில் நின்ற எக்டரின் கார் கண்ணில் பட்டது. அவனும் ரோஷினியும் ரயிலில் வாஷிங்டன் போயிருந்தார்கள், சாவி மேசைமேல் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் அணில் வராது, வெயில் போகாது. டாஷ்போர்டிலும் பின்சீட்டிலும் என் பழைய வேட்டியை விரித்து, மிச்சமிருந்த சுருள்களை எல்லாம் பரப்பிவிட்டு, இதை ஏன் இத்தனை வருஷம் யோசிக்காமல் போனோம் என்று பெருமையோடு போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

நான் தூங்கும்போது எக்டர் அவசரமாக வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போக நேரமாகிவிட்டதாம். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்தவன், எல்லாவற்றையும் வேட்டியோடு சுருட்டிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஓட்டியிருக்கிறான். எனக்கு ரோஷினியின் போன்தான் வந்தது. “அப்பா, வாட் டிட் யூ டூ டு த கார்? ஆன்ட்டி இஸ் க்ரையிங்.” சம்பந்தியம்மாவை அழவைத்துவிட்டேன், சம்பந்தம் போயிற்று, இனி மச்சான் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று நானும் பவளமும் பெர்த் ஆம்பாய்க்குப் பறந்தோம்.

போய்ப் பார்த்தால் யோலாண்டா காரின் பின்சீட்டில், என் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பூசைக்குப் போகவில்லை, இறங்கவும் மாட்டேன் என்கிறார். ஒரு சுருளைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நரான்ஹா” என்றார்.

எனக்குக் காது அடைத்தது. அன்றைக்குக் கேட்டபோது சீனா என்றீர்களே என்றேன். எக்டர் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். “அங்கிள், அம்மா சொல்றாங்க, இனிக்கிறதுதான் சீனா. புளிக்கிறது எப்பவுமே நரான்ஹாதான். நீங்க அன்னிக்குக் காட்டினது இனிக்கிற பழம்.” யோலாண்டாவின் அம்மா இந்தப் பழத்தின் தோலைச் சர்க்கரையில் காய்ச்சி டப்பாவில் வைப்பாராம், இந்த வாசனையை முகர்ந்து வருஷக்கணக்காகிறதாம், தன் மகன் காருக்குள் யார் இதைக் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டு அழுதுகொண்டே சிரித்தார். மச்சான், நான் அந்தத் தெருவில் ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது, ஆனாலும் ஆடினேன். மெக்சிகோக்காரன் அந்தப் பேரைத் தூக்கி இனிப்புப் பழத்துக்கும் சேர்த்து வைத்துவிட்டான். ஸ்பெயின்காரனும் அப்படியே. நம் சம்பந்தி வீட்டார்தான், வந்த இனிப்பைச் சீனா என்று ஒதுக்கி வைத்துவிட்டு, நரான்ஹாவைப் புளிப்புக்கென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாம் எதை நாரத்தை என்கிறோம்? புளிக்கிறதைத்தானே. அவர்கள் யாரோ இல்லை மச்சான். ஒரே புளிப்பு.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷக் கடிதம். இனிமேல் வருவதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வீட்டில் வெட்டாமல் மிச்சமிருந்த பழத்தில் பாதியை யோலாண்டா கேட்டு வாங்கியிருந்தார். செவ்வாயன்று அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்து, தோலைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சியதை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். மேலே வெள்ளை வெளேரென்று அஸ்கா தூவியிருந்தது. பவளம் இரண்டு கையாலும் வாங்கினாள். உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்குத் தெரியும், வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பித் தரமாட்டாள். இனிப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அதே தட்டில் எங்கள் உப்பு நாரத்தங்காயை வைத்து, ஓரத்தில் உதிர்ந்த உப்பையும் வழித்துப் போட்டு நீட்டினாள். யோலாண்டா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் ரோஷினியும் எக்டரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நான் ஒரு போட்டோ எடுத்தேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பவளத்திடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க. இந்தக் கையில உப்பு. அந்தக் கையில சக்கரை.”

பிறகுதான் எனக்கும் உறைத்தது. பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறான், இரண்டு பக்கத்து அம்மாக்களும் இருக்கிறார்கள், உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டது. ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. தாய்மாமன் இல்லை. “எங்கண்ணன் இல்லாமயே மாத்திப்போட்டனே” என்று பவளம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் யோலாண்டா தட்டைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டு, இப்போது திருப்பி மாற்றிக்கொண்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். திருப்பி மாற்றினால் நிச்சயத்தை முறித்த கணக்காகிவிடுமோ என்று நான் தடுத்தேன். “சோ ஆர் வி என்கேஜ்ட் ஆர் நாட்?” என்று ரோஷினி கேட்டாள்.  நான், முறை சம்பிரதாயம் எல்லாம் தெரிந்த நம் விசாலாக்ஷி அத்தைக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இப்படி நடந்துவிட்டது, என்ன பரிகாரம் என்று கேட்டேன். “யாரு, உன் வீட்லயா?” என்றார். வைத்துவிட்டேன். ஆக, செய்தி ஃபிரிஸ்கோவுக்குப் புறப்பட்டுவிட்டது, இந்தக் கடிதமும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு வருகிறது.

ஆகவே மச்சான், உங்களைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் தெரிந்து செய்யவில்லை. நீங்கள் வந்து, உங்கள் கண் முன்னால் மறுபடியும் முறையாக மாற்றினால்தான் ரோஷினிக்கு நிச்சயம் ஆனதாக அர்த்தம், பவளம் மறுபடியும் சரியாகச் சாப்பிடுவதாக அர்த்தம். அவர்கள் யார் என்று கேட்டீர்கள், பாரசீகம் வரைக்கும் போய் ஆதாரம் எடுத்து வைத்துவிட்டேன். இனி வராமல் இருக்க உங்களுக்குக் காரணமே இல்லை. நரான்ஹா மேல் ஆணையாக வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் பேரன் பேத்திகளோடு, குறைந்த சர்க்கரையும் நிறைந்த ஆயுசுமாக இருக்க வேண்டும் என்று அதே அனுமாரை இங்கிருந்தே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரவையே எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சேனாபதி

பின்குறிப்பு: ஞாயிறு காலை. உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது பவளத்திடமிருந்து வீடியோ கால். வெள்ளிக்கிழமையே அவள், யோலாண்டா வீட்டில் தங்கிப் பலகாரம் செய்யப்போகிறேன், ரோஷினி கொண்டுபோய் விடுகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் இந்தக் கடிதத்துக்கு முன்னோட்டம் எழுதிக்கொண்டிருந்ததால் சரி சரி என்றேன். பலகாரம் செய்யச் சக்கரம் வைத்த பெட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. போனைத் திறந்தால் அவள் உட்கார்ந்திருப்பது உங்கள் சோபா. பக்கத்தில் யோலாண்டா, பட்டுப் புடவையில். அந்தப் பக்கம் ரோஷினியும் எக்டரும். அக்கா எல்லோருக்கும் சந்தகை பரிமாறிக்கொண்டிருக்கிறார். அப்புறம் திரையில் நீங்கள் வந்தீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறேன், நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நடந்தது உங்களுக்கே தெரியும் என்றாலும் எழுதிவைக்காவிட்டால் நானே நம்பமாட்டேன்.

“வெத்தல பாக்கு, குங்குமம், பழத்தட்டோட பவளமும் சம்பந்தியம்மாவும் வந்து கதவத் தட்டுனாங்க மாப்பிள்ளை. அந்தம்மா தட்டை நீட்டி, ‘மாமா இல்லாம எங்க வீட்டுலயும் ஒண்ணும் நடக்காது’ன்னு இங்கிலீஷ்ல சொல்லுச்சு. இதுக்குத்தான் நான் ஒரு மாசமாக் காத்துட்டு இருந்தேன். தாய்மாமனை லிங்க்ல கூப்பிடறதுண்டா? அதுக்கு ரிமைண்டர் வேற.”

“அப்புறம் ஏனுங்க மச்சான், அவங்க யாரோ நாம யாரோன்னு சொன்னீங்க?”

“வேற என்னத்தச் சொல்றது? என்னை முறையாக் கூப்பிடலைன்னு நானே வாயத் தொறந்து கேக்கறதா?”

நான் உடனே நரான்ஹாவைப் பற்றி ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க” என்றீர்கள். நிரூபணத்துக்காகப் பவளம் கொண்டுவந்த நாரத்தங்காய் ஜாடியை, உப்புத்தண்ணீர் இருக்கிறது என்று ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். யோலாண்டாவின் இனிப்பு மட்டும் தப்பி வந்ததாம். உப்புக்கு என்ன செய்வது என்று பவளம் கையைப் பிசைந்தபோது, நீங்களே உள்ளே போய், “உப்பு தாய்மாமன் வீட்டுது” என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தீர்களாம். ஆடி போய்விட்டது, ஆவணி பிறந்துவிட்டது, நாளும் நன்றாக இருக்கிறது, தாய்மாமன் இல்லாமல் மாற்றியது கணக்கில் வராது என்று சொல்லி, அங்கேயே, உங்கள் ஹாலிலேயே, உங்கள் கையாலேயே உப்புச் சக்கரையை மாற்றி வைத்துவிட்டீர்களாம். பவளம் சிரித்துக்கொண்டே அழுதாள். ரோஷினி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, “அப்பா, நௌ வி ஆர் என்கேஜ்ட்” என்றாள். என் மகள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே மேலே எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் மச்சான். பெண்ணைப் பெற்ற அப்பன் நான். என் பெண்ணுக்கு உப்புச் சக்கரை மாற்றியிருக்கிறீர்கள், என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. எனக்கு ஒரு லிங்க்கூட வரவில்லை. லேபர் டே விருந்துக்கு நான் வருவதாக இல்லை. அவங்க யாரோ, நாம யாரோ.

வெற்றிலை பாக்கு ஓக் ட்ரீ ரோட்டில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான் வீட்டில்தான் இருப்பேன்.